மாதிரி இலக்கம் நாற்பத்தொன்று

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.
பொகவந்தலாவையில் ஐந்தரை பஸ்.
கைப்பையில் கர்ப்பிணி அட்டை,
அதற்கு அடியில், சொல்லவே கூச்சம்,
மஞ்சள் மூடிப் போத்தலில்
அன்று விடியக்காலை மலம்.
மூன்று பொலித்தீன் பை சுற்றி
மதியச் சோற்றுப் பார்சல் மாதிரி
மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
"சாப்பாடா புள்ள?" என்றாள் பக்கத்து ஸீட்டுக்காரி.
"டிக்கோயாவுல ஒருத்தங்களுக்கு" என்றேன்.
பொய்யில்லை.

ஆஸ்பத்திரியில் சீனித் தண்ணி.
எழுபத்தைந்து கிராம்.
உள்ளங்கையில் ஒரு கிள்ளு வைத்து நக்கி
சாயத்தண்ணி குடித்து வளர்ந்த நாக்கு;
எங்கள் லயத்தில் அது ஒரு வாரத்துச் சீனி.
வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வரணும்,
இன்னொரு நாள் பேர் போகும்.
பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் மலையைப் பார்த்தேன்.
மலை இல்லை. பனிதான் நின்றது.

ஐஸ் பெட்டியோடு இமேஷா மிஸ்,
பேராதனையிலிருந்து வந்தவள்.
ஈரப் படிக்கட்டில் இறங்குகிறவள் போல
பார்த்துப் பார்த்துத் தமிழ் பேசினாள்.
என் போத்தலை
இரண்டு கையாலும் வாங்கினாள்.
நாற்பத்தொன்று என்று எழுதி ஒட்டினாள்.
"செக்ரோல்ல எனக்கு ஏற்கெனவே நம்பர் இருக்கு மிஸ்,
முந்நூற்றுப் பதினெட்டு."
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
தலை குனிந்துகொண்டாள்.

அப்புறம் சொன்னாள்:
"அக்காட குடல்ல நிறைய பற்றீரியா இருக்கு.
இந்த மலையில இருக்கிற கொழுந்த விட நிறைய.
புள்ள வயித்துல வந்தா அந்தக் கூட்டம் மாறும்.
சிலது கூடும், சிலது குறையும்.
சீனி ஏறுற அம்மாமாருக்கு அது கொஞ்சம் வேற மாதிரி மாறுது."
"அதனாலதான் சீனி ஏறுதா?"
"இல்ல, சீனி ஏறினதால அது மாறுதா?"
கேள்விக்குக் கேள்வி.
கொஞ்சம் நின்று சொன்னாள்:
"தெரியாது அக்கா."

இருபத்தொன்பது வயசு எனக்கு.
கையில் பேனா வைத்திருக்கும் ஒருத்தர்
எனக்கு முன்னால் தெரியாது என்றது
அன்றைக்குத்தான்.
கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், என் கொழுந்தில் எவ்வளவு தண்ணி என்று.
டிஸ்பென்சரிக்காரருக்குத் தெரியும், நான் டீயில் சீனி கொட்டுகிறேன் என்று.
என் புருஷன் யோகேந்திரனுக்கும் தெரியும்,
கொழும்புக் கடையிலிருந்து போனிலேயே தெரியும்,
நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று.

நூற்று நான்கு. ரெண்டு மணி நேரம் கழித்து நூற்று எழுபத்தொன்று.
கூட.
கோதுமை ரொட்டியைக் குறைக்கணுமாம்,
பருப்பு, கீரை, முட்டை.
சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கணுமாம்.
அதற்கு மட்டும் சிரித்துவிட்டேன்:
பதினெட்டுக் கிலோவை நெற்றியில் தொங்கவிட்டு
ஏழாம் நம்பர் மலையில் நான் ஏறுவது
அவர்கள் கணக்கில் நடையில்லை போல.

திரும்பி வரும் பஸ்ஸில் மடி வெறுமை.
யோசித்துக்கொண்டே வந்தேன்.
இத்தனை கோடிப் பேர் எனக்குள்
இரவும் பகலும் வேலை செய்கிறார்கள்,
பெரட்டு இல்லை, நிறுவை இல்லை,
அரைப் பேராவது போட ஆளில்லை.
நான் ரொட்டி தின்றால் அவர்களுக்கும் ரொட்டி.
மாசக் கடைசியில் நான் தண்ணி குடித்துப் படுத்தால்
அவர்களுக்கும் அதே தண்ணி.
கோபித்துக்கொண்டு கூட்டம் கலைந்தால்
யாரைக் குறை சொல்ல?
பிரசவத்தில் பிள்ளையை முதலில் தொடுவதில்
அவர்களும் உண்டாம். இமேஷா மிஸ் சொன்னாள்.
மருத்துவச்சி கைக்கும் முந்தி.

ராத்திரி, தண்ணிப் பீலிக்கரையில் பறித்த வல்லாரை,
அரை ரொட்டி, அவித்த கடலை ஒரு பிடி.
விளக்கை அணைத்துப் படுத்தபோது
வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.
பிள்ளையா, அவர்களா,
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இருங்க" என்றேன்,
எல்லாருக்கும் பொதுவாக.